கருவி தோற்கும் இடம்: இளையோருக்கான எதிர்கால உளவுக்கதை

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு எதிர்கால உளவுக்கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது கருவிகளின் பட்டியலைத்தான். உடம்பை மறைக்கும் சட்டை, சுவருக்கு அப்பால் பார்க்கும் கண்ணாடி, எண்ணத்தைப் படிக்கும் தொப்பி. பட்டியல் நீள நீளக் கதை சுருங்குகிறது. எல்லாவற்றையும் செய்து முடிக்கும் கருவி கையில் இருந்தால் கதாநாயகிக்கு அங்கே என்ன வேலை? ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விதியைச் சுற்றி வரும். உங்கள் கதையில் கருவி எங்கே தோற்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிள்ளை அந்த இடத்தில் நுழையட்டும்.

இதற்கு நம் பிள்ளைகள் நன்றாக அறிந்த எடுத்துக்காட்டு இரும்புக்கை மாயாவி. 1962-ல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய சித்திரத் தொடர் அது. 1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே அதைத் தமிழில் கொண்டுவந்தது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் மறையாது. சற்று நேரத்தில் மின்சாரத்தின் வலு தீர்ந்து உடலும் தெரியத் தொடங்கிவிடும். காற்றில் தனியாக நகரும் அந்தக் கையை எதிரி பார்த்துவிடுவானோ என்ற பதைப்பில்தான் வாசகன் பக்கத்தைப் புரட்டினான். முழுதாக மறைந்திருந்தால் மாயாவியைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

நீங்கள் கற்பனை செய்யும் ஒவ்வொரு கருவிக்கும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். அது என்ன செய்யும்? அதைச் செய்ய அதற்கு என்ன வேண்டும்: மின்சாரமா, வெளிச்சமா, நேரமா, இன்னொருவரின் சம்மதமா? எப்போது கைவிடும்? மூன்றாவது வரி எழுத வராத கருவியைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். எவ்வளவு ஆசைப்பட்டு உருவாக்கியதாக இருந்தாலும் சரி.

நிஜ ஒற்றர்களின் பெட்டியிலிருந்து

கற்பனைக்குத் தீனி வேண்டுமென்றால் பிற நாவல்களைவிட உண்மையான உளவு வரலாற்றைப் படிப்பது நல்லது. நாவல்களில் கருவிகள் வேலை செய்கின்றன. வரலாற்றில் அவை சொதப்புகின்றன, எழுத்தாளனுக்கு வேண்டியது அந்தச் சொதப்பல்.

1970-களில் அமெரிக்காவின் சிஐஏ ஒரு தும்பியைச் செய்தது. உண்மையான தும்பியின் அளவு. உள்ளே சின்னஞ்சிறு எந்திரம், லேசர் கதிரைக் கொண்டு வழிகாட்டுதல், ஒட்டுக்கேட்கும் வசதி. முதலில் வண்டு வடிவத்தில் செய்ய நினைத்தார்கள், அதன் பறத்தல் தாறுமாறாக இருந்ததால் தும்பிக்கு மாறினார்கள். 60 நொடியில் 200 மீட்டர் போகக்கூடியதாக அது இருந்தது. ஆனால் பக்கவாட்டில் லேசாகக் காற்று அடித்தாலே கட்டுப்பாட்டை இழந்தது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகக் காற்றையே அதனால் தாங்க முடியவில்லை. கடைசிவரை அது களத்துக்குப் போகவில்லை. இதை உங்கள் கதைக்குள் கொண்டுவந்து பாருங்கள். எந்திரத் தும்பி எதிரியின் சன்னலை நோக்கிப் போகிறது. காற்று மாறப் போகிறது என்பது கட்டுப்பாட்டு அறையில் இருக்கிற யாருக்கும் தெரியாது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அலையைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று இதைவிடப் பொருத்தமானது, ஏனென்றால் இதில் பிள்ளைகளே இருக்கிறார்கள். 1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர் இயக்கப் பிள்ளைகள், மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஆவெரல் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க அரசு முத்திரையை அழகாகச் செதுக்கிய மரப்பலகை. தூதர் அதைத் தன் இல்லத்தில் மாட்டி வைத்தார். அதற்குள் ஓர் ஒட்டுக்கேட்பான் இருந்தது. அதில் மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் அது உயிர்பெற்று, அறைக்குள் நடக்கும் பேச்சை அலையில் ஏற்றித் திருப்பி அனுப்பும். அலையை நிறுத்திவிட்டால் வெறும் மரப்பலகை. அதனால் சோதனைகளில் அகப்படாமல் ஏழு ஆண்டுகள் தொங்கியது, 1952-ல்தான் கண்டுபிடித்தார்கள். வடிவமைத்தவர் லியோன் தெரமின், கையால் தொடாமலே வாசிக்கும் ‘தெரமின்’ இசைக்கருவியைப் படைத்த அதே மனிதர்.

இந்த வரலாற்றில் பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தோன்றுகிறது. அவர்களில் ஒருத்திக்குப் பின்னாளில் உண்மை தெரிந்திருந்தால்? தன் கையால் கொடுத்த பரிசு ஒரு பொறி என்று அறிந்த பதின்மூன்று வயதுப் பெண் என்ன செய்வாள்? ஒரு முழு நாவலுக்கு இந்தக் கேள்வி போதும். எதிர்காலத்துக்கு நகர்த்தினாலும் கேள்வி அப்படியே நிற்கும். நிலவில் இருக்கும் ஆய்வு நிலையத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் அனுப்பும் ஓவியத்தின் சட்டத்துக்குள் யார் எதை வைத்தார்கள்?

மூன்றாவது, 2014-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் செய்து காட்டியது. சத்தம் ஊடுருவாத கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டை வேகக் கேமராவால் படம்பிடித்தார்கள். பேச்சொலி பட்டுப் பாக்கெட் அதிரும் நுண்ணிய அதிர்வைக் கணினியால் அளந்து, அந்தப் பேச்சையே மீட்டெடுத்தார்கள். இளைய வாசகனுக்கு இது மந்திரம்போல் இருக்கும், ஆனால் மந்திரம் இல்லை. கேமராவுக்கு நேர்ப்பார்வை வேண்டும், வெளிச்சம் வேண்டும். திரையை இழுத்து மூடினால் முடிந்தது. கருவி எந்தக் கோட்பாட்டில் இயங்குகிறது என்று பிள்ளைக்குப் புரிந்தால், அதை எப்படி ஏமாற்றலாம் என்று அவனே யோசிக்கத் தொடங்குவான். கதாபாத்திரத்துக்கு முன்பே வாசகன் விடையைக் கண்டுபிடிக்கும் அந்த இன்பத்தை அவனுக்குக் கொடுங்கள்.

தொலைவு என்னும் தடை

விண்வெளியில் கதை நடந்தால் இயற்பியல் உங்களுக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. உளவுக்கதை எழுதுகிறவர்களுக்குத் தீராத தொல்லை, காதுக்குள் பேசும் தலைமையகம். பிள்ளை திணறும்போதெல்லாம் மேலதிகாரி வழி சொல்லிவிடுவார், பதற்றம் செத்துவிடும். ஆனால் ஒளியின் வேகத்தைத் தாண்டி எந்தச் செய்தியும் போக முடியாது. நிலவுக்குச் செய்தி போக ஏறத்தாழ 1.3 நொடி, பதில் வர அதே அளவு. இரண்டரை நொடி மௌனம் ஒரு உரையாடலை எவ்வளவு தடுமாற வைக்கும் என்று நண்பருடன் நடித்துப் பாருங்கள். செவ்வாய்க்கு ஒரு வழியில் மட்டும் 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். எந்த நேரத்தில் எவ்வளவு என்பது இரு கோள்களும் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வந்துவிடும். அப்போது செய்திகள் சிதையும் என்பதால் நாசா தன் விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை ஏறத்தாழ இரண்டு வாரம் நிறுத்தி வைக்கிறது. செவ்வாய்க் குடியிருப்பில் ஒரு சதி நடக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு வாரத்தைவிட நல்ல காலம் கிடையாது. பூமியிலிருந்து யாரும் உதவ முடியாது, யாரையும் கேட்கவும் முடியாது. பிள்ளை தானே முடிவெடுக்க வேண்டும். கதாநாயகியைத் தனியாக விடுவதற்கு இப்படி ஓர் உண்மையான காரணம் கிடைக்கும்போது, ரேடியோ பழுதாகிவிட்டது என்று எழுதுவது சோம்பல்.

எதிர்காலத்தை எவ்வளவு மாற்றுவது என்பதில் பலர் அளவு தெரியாமல் போகிறார்கள். உலகத்தையே புதிதாகக் கட்டாதீர்கள். ஒரு சட்டம், ஒரு பழக்கம், ஒரு பொருள், இவற்றில் ஒன்றை மாற்றிவிட்டு மற்றவை அதனால் எப்படிச் சாய்கின்றன என்று பாருங்கள். சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் மனிதர் பெயர்களை இரண்டெழுத்தாக்கினார். அந்த ஒரு சின்ன விதியைக் கொண்டே, அரசு மனிதரை எந்த அளவுக்கு அடக்கி வைத்திருக்கிறது என்று வாசகனுக்குப் புரிந்துவிட்டது. ஜீனோ என்ற இயந்திர நாயைப் பிள்ளைகள் இன்றும் நினைவில் வைத்திருப்பது அது செய்த சாகசங்களுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அது புத்தகம் படித்தது, யோசித்தது.

ஏன் ஒரு பிள்ளை?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கையெழுத்துப் பிரதிகளை நான் மேலே படிப்பதில்லை. ஒரு நாட்டின் உளவுத்துறை, பயிற்சி பெற்ற அத்தனை பெரியவர்களையும் விட்டுவிட்டு எட்டாம் வகுப்பு மாணவியை ஏன் அனுப்புகிறது? ‘அவள் மிகவும் புத்திசாலி’ என்பது பதிலாகாது. அவளால் மட்டும் நுழையக்கூடிய இடம் ஒன்று இருக்க வேண்டும், அல்லது அவள் கண்ணுக்கு மட்டும் படக்கூடிய ஒன்று.

ஆந்தனி ஹொரோவிட்ஸின் ‘ஸ்டார்ம்பிரேக்கர்’ 2000-ல் வந்தது. அதன் நாயகன் அலெக்ஸ் ரைடருக்கு வயது 14. ஒரு கணினி நிறுவனத்துக்குள் நுழைய, போட்டி ஒன்றில் வென்ற ஒரு சிறுவனின் இடம் கிடைக்கிறது, அதனால்தான் அவனை அனுப்புகிறார்கள். காரணம் உறுதியானது. அவனுக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கொடுத்ததெல்லாம் ஒரு சிறுவனின் பையில் இருந்தால் யாரும் சந்தேகப்படாத பொருள்கள்: கையடக்க விளையாட்டுக் கருவி, யோ-யோ, உலோகத்தை அரிக்கும் முகப்பரு களிம்பு. துப்பாக்கி இருந்தால் காட்சி மூன்று வரியில் முடிந்துவிடும். முகப்பரு களிம்பு இருந்தால் ஓர் அத்தியாயம் ஓடும்.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இந்த வேலைக்கு இன்றும் கைகொடுக்கிறது. யாரும் ஐயுறாத தோற்றம், பார்த்தாலும் அஞ்சாத கண், எந்த நிலையிலும் வெளிவிடாத வாய் என்று ஒற்றனின் தகுதியை வள்ளுவர் வகுக்கிறார். ஐயுறாத தோற்றம் பிள்ளைக்கு இயல்பாகவே இருக்கிறது. கடைத்தெருவில் ஐஸ் வாங்கி நிற்கும் சிறுமியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அஞ்சாத கண்ணும் அடங்கிய வாயும் அவள் கதைக்குள் கற்க வேண்டியவை. பாத்திர வளர்ச்சி என்று தனியாக எதையும் தேட வேண்டாம். அதே அதிகாரத்தில் ஒற்றரை ஆளும் முறையும் இருக்கிறது. ஓர் ஒற்றனை மற்றொருவன் அறியாதபடி வைக்க வேண்டும், மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்ப வேண்டும். எதிர்காலக் கதையில் இதை இப்படி முறுக்கலாம். ட்ரோன் ஒரு செய்தி தருகிறது, செயற்கை நுண்ணறிவு அதையே சொல்கிறது, பிள்ளை மட்டும் வேறு சொல்கிறாள். பெரியவர்கள் இரண்டை நம்புகிறார்கள். ஆனால் அந்த இரண்டும் ஒரே தரவிலிருந்து வந்தவை, ஆகவே இரண்டு சாட்சி அல்ல. இதை யார் முதலில் உணர்கிறார்கள் என்பதில் கதை திரும்பும்.

கவனிப்பதுதான் ஒற்று வேலையின் உயிர் என்பதற்கு வரலாற்றில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் இருக்கிறார். இரண்டாம் உலகப்போரின்போது, எதிரியின் மறைகுறிகளை உடைத்த பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் மேவிஸ் லீவர், எனிக்மா என்ற மறைகுறி எந்திரத்தில் எழுதிய செய்தி ஒன்றைப் பார்த்தார். நீண்ட செய்தி, ஆனால் அதில் ‘எல்’ என்ற எழுத்து ஓரிடத்திலும் இல்லை. எனிக்மா ஒரு எழுத்தை அதே எழுத்தாக மாற்றாது. ஆகவே யாரோ ஒருவர் சோதனைக்காக ‘எல்’ விசையை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார் என்று அவர் ஊகித்தார். அந்த ஊகத்தைப் பிடித்துக்கொண்டு எந்திரத்தின் உள்ளமைப்பை அறிய வழி கிடைத்தது. எழுத்து இருப்பதைப் பலர் பார்ப்பார்கள், இல்லாததைப் பார்க்க வேறு கண் வேண்டும்.

நம் காலத்திலும் இது நடந்தது. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, பயனர்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாக்கி 2017-ல் உலக வரைபடம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பார்த்து, யாருமில்லாத பாலைவனங்களில் ஒளிக்கோடுகள் சுற்றிச் சுற்றி வருவதைச் சுட்டிக்காட்டினார். படைவீரர்கள் முகாமைச் சுற்றி ஓடிய பாதைகள் அவை. மாணவரிடம் எந்த ரகசியக் கருவியும் இல்லை, எல்லோருக்கும் திறந்திருந்த வரைபடம் மட்டும் இருந்தது.

ஊரை எடுங்கள், பிறகு ஆண்டை

மாதிரிக்காக நான் குலசேகரன்பட்டினத்தை எடுத்துக்கொள்கிறேன். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் அந்த ஊர்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கித் துருவப் பாதைக்கு ஏவினால் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். வளைய எரிபொருள் செலவாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். கதை எழுதுகிறவர் இந்தக் காரணத்தைத் தெரிந்து வைத்திருந்தால், எதிரி எதைக் குறிவைப்பான் என்பதும் தெரிந்துவிடும்.

அதே ஊரில்தான் முத்தாரம்மன் கோயில் தசரா. கொடியேறிய பிறகு காப்புக் கட்டிக்கொண்டு, காளி, குரங்கு, குறவர், போலீஸ் என்று ஆயிரக்கணக்கானோர் வேடம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை பெற்று வருவார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். ஏவுதளமும் வேடத் திருவிழாவும் ஒரே மண்ணில்! உளவுக்கதைக்கு இப்படி ஓர் ஊர் கிடைக்கும்போது, அடையாளமில்லாத ‘நியோ சிட்டி’ ஒன்றை உருவாக்க யாருக்கும் மனம் வராது என்று நம்புகிறேன்.

ஆண்டு 2071 என்று வைத்துக்கொள்வோம். ஏவுதளத்தின் காவல் அமைப்பு முகத்தை மட்டும் பார்ப்பதில்லை, நடையைப் பார்த்தும் ஆளை அடையாளம் காணும். இது வெறும் கற்பனை இல்லை, நடையறியும் நுட்பம் இன்றே உண்டு. கோரி டாக்டரோவ் 2008-ல் எழுதிய ‘லிட்டில் பிரதர்’ நாவலில், பள்ளியில் வைத்த நடையறியும் கேமராவை ஏமாற்ற மாணவர்கள் காலணிக்குள் கூழாங்கல் போட்டுக்கொள்வார்கள். நம் கதையில் எதிரியின் ஆள் காளி வேடம் போட்டிருக்கிறான். முகத்தில் சாயம், தலையில் கனத்த கிரீடம், முதுகில் பல கைகள், காலில் சலங்கை. நடை முழுக்க மாறிவிட்டது. அமைப்பு தோற்றுவிட்டது. ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நிற்கும் பதின்மூன்று வயது முத்துச்செல்வி எதைப் பார்க்கிறாள்?

“ஆச்சி, அந்தக் காளியப் பாரேன்.”

“எந்தக் காளிளா? நூறு காளி நிக்கி.”

“செவப்புக் கிரீடம். சூலத்த எடது கையில வச்சிருக்காவல்லா, அவிய.”

“ஆமா, அதுக்கென்ன?”

“கையில காப்பு இல்ல ஆச்சி.”

ஆச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவள் கையிலிருந்த திருநீற்றுப் பொட்டலம் அசையாமல் நின்றது.

“காப்புக் கட்டாம வேசம் போடுவாவளா? அவன் நம்ம ஆளு இல்லட்டி.”

இந்தக் காட்சியில் எந்திரம் முட்டாள் இல்லை. அதற்குச் சொல்லிக் கொடுத்ததை அது சரியாகவே செய்கிறது. விரதத்தையும் காப்பையும் அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிரியும் முட்டாள் இல்லை, கேமராவுக்காக எல்லா முன்னேற்பாடும் செய்திருக்கிறான். ஊருக்காகச் செய்யவில்லை. எந்திரத்தையும் எதிரியையும் மட்டம் தட்டிப் பிள்ளையை உயர்த்தினால் பன்னிரண்டு வயது வாசகன் உடனே கண்டுகொள்வான், புத்தகத்தை மூடிவிடுவான்.

பேச்சுமொழியைப் பற்றி ஒரு சொல். 2071-லும் ஆச்சி ஆச்சியாகவே பேசட்டும். எதிர்காலம் என்றதும் எல்லோரையும் செய்தி வாசிப்பவர்போலப் பேச வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கதையின் உயிரை அது உறிஞ்சிவிடும்.

கையால் உடைக்கக்கூடிய மறைகுறி

இந்த வயது வாசகர்கள் கதையைப் படிப்பதோடு நிற்கமாட்டார்கள், செய்து பார்ப்பார்கள். எனவே ஒவ்வொரு உளவுக்கதையிலும் அவர்களே பென்சிலும் தாளும் வைத்து உடைக்கக்கூடிய ஒரு மறைகுறி இருக்கட்டும். தமிழ் எழுத்து அட்டவணையே அதற்கு ஏற்ற கட்டம். மெய்களுக்கு வரிசைப்படி 1 முதல் 18, உயிர்களுக்கு 1 முதல் 12. உயிர்மெய்யை முதலில் மெய்யின் எண், பிறகு உயிரின் எண் என்று எழுதுங்கள். தனி மெய்க்கு இரண்டாவது எண் 0, தனி உயிருக்கு முதல் எண் 0. முத்துச்செல்வி தன் தோழன் இசக்கிக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

1-2, 9-0, 9-5. 0-3, 13-0, 13-9.

‘காப்பு இல்லை.’

எளிதாக இருக்கிறதா? கதை போகப்போக இறுக்குங்கள். எதிரி இதே முறையைப் பயன்படுத்துகிறான், ஆனால் மெய்களின் எண்களைக் கலைத்துப் போட்டுவிட்டான். இப்போது 9 என்பது ப் ஆக இருக்க வேண்டியதில்லை. இனி உதவப்போவது பள்ளியில் படித்த இலக்கணம். தமிழ்ச் சொற்களில் க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தங்களுக்குப் பின்னால் தங்களையே கொண்டுவரும்: பக்கம், பச்சை, பத்து, காப்பு. ஆகவே இரண்டாவது எண் 0-ஆக வரும்போதெல்லாம் அடுத்ததும் அதே மெய் எண்ணாகவே வந்தால், அது அந்த நால்வரில் ஒருவர். ட், ண், ர், ல், ழ், ள், ற், ன் ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. சொல்லின் தொடக்கத்தில் ஒருபோதும் தலைகாட்டாத எண்களைத் தனியே எழுதினால் அந்த எட்டும் அங்கே இருக்கும். ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. இப்படி ஒவ்வொரு முடிச்சாக அவிழும்.

எதிரி கெட்டிக்காரனாக இருந்தால் ‘சக்தி’, ‘பக்தி’ போன்ற வடசொற்களையும் ‘ரயில்’, ‘லாரி’ போன்றவற்றையும் வேண்டுமென்றே செய்தியில் கலந்துவிடுவான். க்-க்குப் பின்னால் த் வந்து கணக்கு குழம்பும். தசராச் செய்தியில் பக்தி என்ற சொல் வருவதில் வியப்பில்லை என்று இசக்கி கண்டுபிடிப்பதை நீங்கள் ஒரு முழு அத்தியாயமாக எழுதலாம். உடைக்க வேண்டிய செய்தி குறைந்தது ஏழெட்டு வரி இருக்கட்டும், மிகக் குட்டையான செய்தியில் இந்த விதிகள் பிடிகொடுக்காது. அச்சுக்குப் போகுமுன் நீங்களே கையால் முழுதும் உடைத்துப் பாருங்கள். ஓர் எண் பிழையானாலும் எங்கோ ஒரு பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்து ஏமாந்துபோவான்.

பெரியவர்களைத் தப்பவிடாதீர்கள்

பிள்ளையை ஆபத்தில் அனுப்புவது தவறு. கதைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அலெக்ஸ் ரைடர் தானாக விரும்பி ஒற்றனாகவில்லை, அவனை வளர்த்த மாமா இறந்த பிறகு உளவுத்துறை அவனை மிரட்டித்தான் பணிய வைக்கிறது. அந்தக் கசப்பு தொடர் முழுக்க உடன் வருகிறது. இது புனைவுக்குள் மட்டும் இருக்கும் சிக்கலும் இல்லை. பிரிட்டனில் காவல்துறை 18 வயதுக்கு உட்பட்டவர்களை ரகசியத் தகவலாளிகளாகப் பயன்படுத்துவது பற்றி 2018-ல் அந்நாட்டுப் பிரபுக்கள் அவையின் குழு ஒன்று கவலை தெரிவித்தது, பெரிய விவாதம் எழுந்தது.

எனவே உங்கள் கதையில் யாராவது ஒரு பெரியவர் எதிர்க்கட்டும். அம்மாவாகவோ ஆசிரியராகவோ, உளவுத்துறைக்குள்ளேயே மனசாட்சி உள்ள ஒருவராகவோ இருக்கலாம். அவர் பேச்சு வெறும் தடையாக ஒலிக்கக் கூடாது, அவர் பக்கம் நியாயம் இருக்க வேண்டும். முத்துச்செல்வியிடம் அதிகாரி ஒருவர் வந்து, “உன்னால் நாட்டுக்குப் பெரிய உதவி” என்று சொல்லும்போது ஆச்சி, “அதுக்கு நீங்க எதுக்கு இருக்கிய?” என்று கேட்கட்டும். அதிகாரியிடம் நல்ல பதில் இருக்கக் கூடாது.

பிள்ளைக்கும் விலை உண்டு. லூயிஸ் ஃபிட்ஸ்ஹ்யூ 1964-ல் எழுதிய ‘ஹாரியட் தி ஸ்பை’யில் பதினொரு வயது ஹாரியட் எல்லோரையும் கவனித்து நோட்டில் எழுதுகிறாள். நோட்டு நண்பர்கள் கையில் கிடைத்ததும் நட்புகள் முறிகின்றன. இசக்கியிடம் முத்துச்செல்வி எதை மறைத்தாள், அவன் அதை எப்போது அறிகிறான் என்பதை வெடிகுண்டு எப்போது வெடிக்கும் என்பதற்கு இணையான கவனத்துடன் திட்டமிடுங்கள். பதின்மூன்று வயதில் நண்பன் பேசாமல் போவது ராக்கெட் வெடிப்பதைவிடப் பெரிய சேதம்.

வன்முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்டால் வலிக்க வேண்டும், வலி அடுத்த அத்தியாயத்திலும் இருக்க வேண்டும். சாவு வந்தால் ஒருவராவது அழ வேண்டும்.

எழுதி முடித்த பிறகு

அத்தியாயம் 1,200 முதல் 1,800 சொற்களுக்குள் இருந்தால் இந்த வயதினர் ஒரே மூச்சில் படிப்பார்கள். அத்தியாய முடிவில் ஒவ்வொரு முறையும் யாரையாவது மலையுச்சியில் தொங்கவிட வேண்டாம். புதிதாக ஒரு கேள்வி தெரிந்தால் போதும். அறிவியல் விளக்கம் ஐந்து வரியைத் தாண்டினால் அதை இருவர் வாக்குவாதமாக மாற்றுங்கள், ஒருவருக்குத் தவறான புரிதல் இருக்கட்டும். கலைச்சொல்லை முதல்முறை பயன்படுத்தும்போது அதன் வேலையைக் காட்டிவிடுங்கள், பெயரைப் பிறகு சொல்லலாம்.

பிரதியை இரண்டு பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகப் பிடித்தது என்பார்கள். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். இருவரும் ஒரே காட்சியைத் தாண்டிக் குதித்தால் அது தேவையில்லாத காட்சி. இருவரும் ஒரே இடத்தில் “அப்புறம் எப்படியோ தப்பிச்சிருவா” என்று சொன்னால் அங்கே நீங்கள் கருவியைத் தோற்கவிடாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள். திருத்தத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.